மூன்றாவது பூனை

மாலை ஆறரை மணிக்குக் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் பூனை அங்கிளை அடையாளம் காண அதிகம் சிரமப்பட வேண்டாம். சுங்கை காடுட் பட்டறைகளிலிருந்து வீடு திரும்பும் கூட்டத்தில் அறுபதை நெருங்கிய ஒருவர் நிற்பார். நெற்றித் திருநீறு வியர்வையில் பாதி கரைந்திருக்கும். கறுப்புக் காற்சட்டையில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக முடி ஒட்டியிருக்கும். அது அவருடைய முடியாக இருக்க வாய்ப்பில்லை என்பது அவர் தலையைப் பார்த்தாலே விளங்கும். கையில் துணிப்பை. "என்ன அங்கிள் பையில?" என்று கேட்டால், "சாமான்" என்பார். பை அசையாத வரைக்கும் அது சாமான்தான்.

நான் ஒருவரைக் குறிவைத்துச் சொல்லவில்லை. மார்சிலிங், இயூ டீ, ஈசூன் என்று எந்தப் பக்கம் போனாலும் புளோக்குக்கு ஒருவராவது இருக்கிறார். எல்லாரும் அப்பத்தாவிடம் சகுனம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். இப்போது அவர் வீட்டிலோ, பல் தேய்ப்பதற்கும் செருப்பு மாட்டுவதற்கும் நடுவில் பூனை பத்துத் தடவையாவது காலுக்குள் புகுந்து போகிறது. சாஸ்திரப்படி பார்த்தால் அவர் வேலைக்கே போக முடியாது. அதனால், 'சொந்தப் பூனைக்குச் சகுனம் செல்லாது' என்று ஒரு விதிவிலக்கை அவரே எழுதி அவரே அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார். அடுத்தவர் வீட்டுப் பூனை குறுக்கே வந்தால் இன்னமும் திரும்பி வந்து தண்ணீர் குடிக்கிறார்.

"எனக்குப் பூனைன்னாலே ஆகாது. பொண்ணு ஆசைப்பட்டுச்சேன்னுதான்" என்பது அவருடைய நிலையான வாக்குமூலம். பொண்ணுக்குக் கல்யாணமாகி வெகு நாளாகிறது. அவள் போகும்போது பூனையையும் கூட்டிப் போகிறேன் என்றாள். "உங்க மாமியார் வீட்ல ஒத்துக்குமோ ஒத்துக்காதோ" என்று இழுத்தார். யாருக்கு ஒத்துக்காது என்று கடைசிவரை சொல்லவில்லை.

இந்த மனிதரைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவர் அச்சு அசலான சிங்கப்பூரர். ஆளில்லாத சாலையில் நள்ளிரவிலும் பச்சை விளக்குக்காக நிற்பவர். கோப்பிக்கடையில் தன் தட்டோடு பக்கத்து மேசைத் தட்டையும் சேர்த்து எடுத்து வைப்பவர். வரியைக் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே கட்டிவிட்டு, கட்டியது போய்ச் சேர்ந்ததா என்று போன் செய்பவர். அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு சட்டமீறல் உண்டு. அது நாலு காலோடு சோபாவுக்கு அடியில் படுத்திருந்தது.

1989 முதல் 2024 ஆகஸ்ட் வரை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்கத் தடை. சின்ன ரக நாய் ஒன்று வைத்துக்கொள்ளலாம், பூனை கூடாது. பிடிபட்டால் 4,000 வெள்ளி வரை அபராதம். அதற்குக் கழகம் சொன்ன காரணங்கள்: வீட்டுக்குள் அடைத்து வைப்பது கடினம், வெளியே திரியும், முடி உதிர்க்கும், பொது இடத்தை அசுத்தப்படுத்தும், இரவில் கத்தி அண்டை அயலாருக்குத் தொல்லை தரும். அங்கிள் இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துவிட்டு, "இதெல்லாம் என் மச்சானும் செய்யிறான். அவனுக்கு ஒரு தடையும் இல்லையே" என்றார். சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்தது.

நீண்ட தலைமறைவு வாழ்க்கையில் அங்கிள் பழுத்துப்போனார். தொலைபேசியில் பூனை என்ற சொல்லே வராது. "பாப்பா சாப்பிட்டாளா? வெளிக்குப் போனாளா?" என்று கிராஞ்சிப் பட்டறை வாசலில் நின்று அவர் விசாரிப்பதைக் கேட்ட புது ஊழியர்கள், 'இந்த வயசில் கைக்குழந்தையா' என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மணல் மூட்டையை 'அரிசி' என்று சொல்லி மாடிக்கு ஏற்றுவார். மாதத்துக்கு இத்தனை அரிசி சாப்பிடும் குடும்பம் அந்தப் புளோக்கிலேயே கிடையாது. மேல்வீட்டுக் கழிப்பறை ஒழுகுகிறது என்று புகார் கொடுக்கவேண்டிய கட்டத்தில், அதிகாரி வீட்டுக்குள் வந்து பார்ப்பாரே என்று பயந்து, பிளாஸ்டிக் வாளி வைத்தே ஒரு வருடத்தை ஓட்டினார். அதையும் மீறி யாராவது வந்துவிட்டால் பாப்பா பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக்கிடம் போய்விடும். எதிர்வீட்டுச் சீனத் தாத்தா வாசலில் செய்தித்தாள் பிரித்துக் காவல் இருப்பார். பன்னிரண்டு மாடிக்கும் தெரிந்த ரகசியம். கழகத்துக்கு மட்டும் தெரியாது. அதுவும் தெரியாமல் இருந்ததா, புகார் வராததால் தெரிந்துகொள்ளாமல் இருந்ததா என்பது வேறு விஷயம். பல இன நல்லிணக்கம் என்று பள்ளியில் நாள் குறித்துக் கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தாழ்வாரத்தில் அதைக் கட்டிக் காத்தது பாப்பாதான்.

2012இல் அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகத்தின் தொகுதியான சோங் பாங்கில் ஒரு முன்னோட்டத் திட்டம் வந்தது. அங்குள்ள வீவக வீட்டுக்காரர்கள் நிபந்தனையோடு ஒரு பூனை வைத்துக்கொள்ளலாம். அங்கிள் அன்றிரவே மார்சிலிங் வீட்டை விற்றுவிட்டுச் சோங் பாங் போக என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டார். "நீங்களும் அதுவும் போங்க. வாரா வாரம் ஞாயித்துக்கிழமை வந்து பாக்கிறேன்" என்றார் ஆண்ட்டி. சாம்பார் யார் வைப்பது என்ற கேள்வியில் திட்டம் நின்றுபோனது.

கடைசியில் 2024 செப்டம்பர் 1 வந்தது. தடை நீங்கியது. வீவக வீட்டில் இரண்டு பூனை, தனியார் வீட்டில் மூன்று. உரிமம் எடுக்க வேண்டும், தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும். முதல்முறை விண்ணப்பிப்பவர் இணையத்தில் ஒரு பாடம் படித்தாக வேண்டும். ஊரெல்லாம் மகிழ்ந்தது. அங்கிள் மட்டும் பயந்தார். இத்தனை வருடம் மறைத்ததை அரசாங்கம், "நல்லது, இப்போது பெயர், முகவரி கொடுங்கள்" என்று கேட்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேசியப் பூங்காக் கழகத்தின் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள்.

"சிங்பாஸ் போடுங்கப்பா."

"போட்டா நான்தான்னு தெரிஞ்சிரும்ல?"

"தெரியணும்தானேப்பா."

"முகவரியில புளோக் நம்பர் மட்டும் போதாதா? மாடி நம்பர் எதுக்கு?"

பாடத்தை மட்டும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் நோட்டுப் போட்டுப் படித்தார். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை காலம் பாசத்தில் கொடுத்ததில் பாதி பூனைக்கு ஆகாது என்று. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றைக் கலக்கும். வெங்காயமும் பூண்டும் இரத்த அணுக்களைச் சிதைக்கும். அப்படியென்றால் மீன்குழம்பு கிடையாது. பாரசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையின் உயிரை எடுத்துவிடும். முதலாளி சீனப் புத்தாண்டுக்குக் கொடுத்த லில்லிப் பூங்கொத்து, பூனையின் சிறுநீரகத்துக்கு நஞ்சு என்று படித்த மாத்திரத்தில் பூனை இல்லாத வீடாகத் தேடி ஆறு மாடி இறங்கினார். எல்லாவற்றையும் தாங்கினார். கோடாலி தைலத்தை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. தலைவலிக்கு, முழங்கால்வலிக்கு, மூக்கடைப்புக்கு, சும்மா மனசுக்கு என்று பிறந்ததிலிருந்து பூசி வந்தவர். அதில் கற்பூரமும் யூகலிப்டஸும் மெந்தாலும் சாலிசிலேட்டும் இருக்கின்றன. இவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மேல் படும், நக்கும், உள்ளே போகும். ஊருக்குப் போகும்போதெல்லாம் டஜன் கணக்கில் தைலம் வாங்கிப்போய்ச் சொந்தபந்தத்துக்கு விநியோகித்த மனிதர், இன்று கிராஞ்சி நிலைய நடைமேடையில் நின்று ஒரு சொட்டு தேய்த்துக்கொண்டு, வீடு போனதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கூடத்துக்குள் வருகிறார். இரகசியமாகச் சிகரெட் பிடித்துவிட்டு வருகிறாரோ என்று ஆண்ட்டி முதலில் சந்தேகப்பட்டார்.

புரட்டாசி தனிக் கதை. வீட்டில் மாதம் முழுக்கச் சைவம். பூனைக்கு அது செல்லாது. டாரின் என்ற சத்து பூனையின் உடம்பில் போதுமான அளவு உற்பத்தியாவதில்லை. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் வரவேண்டும். குறைந்தால் கண் கெடும், இதயம் வீங்கும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வாளர்கள் 1987இல் கண்டுபிடித்த பிறகுதான் டப்பா உணவுகளில் அதன் அளவைக் கூட்டினார்கள். ஆகவே பெருமாளுக்கு விரதம் இருக்கும் அங்கிள், சனிக்கிழமை காலையில் நாமம் போட்டுக்கொண்டு தேக்கா சந்தை மீன்கடையில் செலார் மீனுக்கு வரிசையில் நிற்கிறார். தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால், "பாப்பாவுக்கு" என்பார். பேத்திக்குக்கூட விரதம் சொல்லித் தரவில்லையா என்று அவர்கள் சிராங்கூன் சாலை முழுக்கப் பேசிக்கொண்டு போவார்கள்.

மாத்திரை கொடுக்கும் காட்சியை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். அவித்த மீனைப் பிசைந்து, நடுவில் மாத்திரையைப் பொதித்து, வாய்க்குள் ஒரு மந்திரம்போல ஏதோ சொல்லித் தட்டை வைத்தார். பாப்பா மோந்து பார்த்தது. அவரைப் பார்த்தது. பிறகு மெல்லத் தின்று முடித்தது. தட்டு கழுவியதுபோல இருந்தது; நட்டநடுவில் மாத்திரை, முள்ளோ செதிலோ ஒட்டாமல், கடையில் வாங்கிய நிலையில். அங்கிள் அதை எடுத்துத் துடைத்துத் திரும்ப மீனுக்குள் வைத்தார். அவருக்கும் இரத்த அழுத்த மாத்திரை ஒன்று அன்றிரவு போடவேண்டியிருந்தது. அது மறுநாள் காலையிலும் மேசையிலேயே கிடந்ததாக ஆண்ட்டி சொன்னார். பாலிகிளினிக்கில் தனக்குக் கட்டணத்தைக் கண்டு முகம் சுளிப்பவர், விலங்கு மருத்துவர் நீட்டும் பில்லைப் படிக்காமலே கார்டைக் கொடுப்பார். பூனைக்கு மெடிசேவ் கிடையாது என்பது மட்டும்தான் இந்த அரசாங்கத்தின்மேல் அவருக்கு உள்ள ஒரே மனக்குறை.

சன்னல்களுக்கு வலை அடிக்கச் சொல்லி ஆண்ட்டி கேட்டது பேத்தி தவழ்ந்த காலத்தில். பேத்தி இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பூனை மாடியிலிருந்து விழாதபடி வலை வேண்டும் என்று பாடத்தில் வந்தது. அந்த வார இறுதிக்குள் வேலை முடிந்தது.

மைக்ரோசிப் விஷயத்தில்தான் அவர் சற்று உற்சாகமானார். அதில் பதினைந்து இலக்கம். கடைசி நாலை எடுத்து நாலு நம்பர் லாட்டரியில் கட்டுகிறார். புதன், சனி, ஞாயிறு. இதுவரை விழவில்லை. "குதிரையை நம்பி விட்டதைவிடக் கம்மிதான்" என்கிறார். நியாயம்தான். கிராஞ்சிக்காரருக்குக் குதிரையைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு. 1999 முதல் பந்தயத் திடல் அங்கேதான் இருந்தது. பூனைக்குத் தடை நீங்கி ஒரு மாதம் கழித்து, 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842இல் தொடங்கிய பந்தய மன்றத்தின் குதிரைகள் மூட்டை கட்ட, அதே பருவத்தில் பூனைகள் சட்டப்படி குடியேறின.

இன்னொன்று. பழுப்பு நிறப் பூனை வைத்திருக்கும் ஒவ்வோர் அங்கிளும் அது அசல் 'சிங்கப்புரா' இனம் என்று சாதிப்பார். அந்த இனத்தின் கதையும் அவர் கதைபோல்தான், ஆவணத்தில் கொஞ்சம் இடிக்கும். 1975இல் சிங்கப்பூர்த் தெருப்பூனைகள் என்று ஓர் அமெரிக்கத் தம்பதியர் மூன்றைக் கொண்டுபோனார்கள். 1982இல் அமெரிக்காவின் பூனை வளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றது. பிறகு பழைய சுங்கத் தாள்களைப் புரட்டினால், அந்த மூன்றும் 1974இல் அமெரிக்காவிலிருந்தே இங்கே வந்தவை என்று தெரிந்தது. சங்கம் விசாரித்துவிட்டு இனத்தை அப்படியே விட்டுவைத்தது. நம் சுற்றுலா வாரியமும் 1991இல் அதற்குக் குச்சிந்தா என்று பெயர் சூட்டிச் சின்னமாக்கிக்கொண்டது. போய்விட்டு வந்த பூனைக்கே குடியுரிமை கிடைக்கும்போது, கட்டிலுக்கடியில் பிறந்ததற்கு என்ன குறை என்பது அங்கிள் கட்சி.

இப்படியாகப் பாப்பாவும் கூட இருந்த இன்னொன்றும் உரிமம் பெற்று, அங்கிள் முழுக்கச் சட்டத்துக்குள் வந்துவிட்டார் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அந்தத் துணிப்பை. பட்டறையில் லோரி பானட்டுக்குள் குட்டி ஒன்று கத்துவதை அங்கே வேலை செய்யும் அறந்தாங்கித் தம்பி கேட்டாராம். விடுதியிலிருந்து வரும் சோற்றுப் பொட்டலத்தில் பொரித்த மீனைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அதற்குப் பிய்த்துப் போட்டுப் பழக்கியிருக்கிறார். "அண்ணே, லோரி ஸ்டார்ட் பண்ணுனா செத்துரும்ணே" என்றார். பட்டறைப் பூனை என்றால் கருத்தடை செய்து, இடது காது நுனியைக் கத்தரித்து, இருந்த இடத்திலேயே விடுவதுதான் முறை. இதுவோ உள்ளங்கை அளவு. எம்ஆர்டியில் பிராணிகளை ஏற்றக்கூடாது. ஆக அங்கிள் நடைமேடையில் நிற்பது சும்மா மகளின் காருக்காகக் காத்திருக்கத்தான் என்றும், பையில் இருப்பது சாமான் என்றும் நாம் நம்புவோம்.

இது எத்தனையாவது என்று கேட்டேன். "எண்ணுறதெல்லாம் பாவம்" என்றார். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. பேச்சில் மறுபடியும் 'அரிசி' வந்துவிட்டது.

வடக்கு வட்டார அங்கிள்கள் அனைவருக்கும் ஒரு வார்த்தை. விதிக்கப்பட்ட வரம்புக்குமேல் பூனை வைத்திருப்பவர்களும், இடைக்காலத்தில் விண்ணப்பித்தால் இருப்பதை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. கருத்தடை செய்த பூனைக்கு அந்தக் காலத்தில் உரிமக் கட்டணமும் இல்லை. கெடு 2026 ஆகஸ்ட் 31. மூன்றாவதையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். மாடி நம்பரையும் போடுங்கள்.