பூட்டு சாவிக்குக் கட்சி கிடையாது

சட்டப்படி பார்த்தால் தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சியே கிடையாது. வார்டு உறுப்பினருக்கும் அப்படித்தான். பூட்டு சாவி, ஆட்டோ என்று ஏதாவது ஒரு பொதுச் சின்னம் கிடைக்கும். கட்சிச் சின்னமெல்லாம் ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் மட்டத்தில்தான் தலைகாட்டும்.

வாக்குச்சாவடியில் ஒருவர் கைக்கு நான்கு சீட்டு வருகிறது. வார்டு சீட்டு போக, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். இரண்டு சீட்டுக்கு நடுநிலையாளராக இருந்துவிட்டு, அடுத்த இரண்டுக்குக் கட்சிக்காரராக மாற வேண்டும். முத்திரையில் மை காய்வதற்குள்!

வேட்பாளருக்கு அந்தச் சிரமமும் இல்லை. நோட்டீஸில் பூட்டு சாவி, வேட்டியில் கட்சிக் கரை.

நிஜமான நடுநிலையாளர் பாடுதான் திண்டாட்டம். தெருவிளக்கு எரியவில்லை என்று ஆரம்பித்தால், “அண்ணே, நீங்க யாரு பக்கம்?” என்கிறார்கள். யார் பக்கமும் இல்லை என்று சொல்லிவிட்டால் போச்சு, இரண்டு தரப்பும் அவரை எதிரணிக் கணக்கில் எழுதிவிடும்.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களிலும், 2021 அக்டோபரில் விடுபட்ட 9 மாவட்டங்களிலும் ஊரகத் தேர்தல் நடந்தது. முடிவு வந்ததும், ‘கட்சி சார்பற்ற’ தலைவர்கள் பலர் மாவட்டச் செயலாளர் வீட்டு வாசலில் சால்வையோடு நின்றார்கள். சால்வைக்கும் ஒரு பொது நிறம் ஒதுக்க மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு இன்னும் தோன்றவில்லை.