பேக்கிங் மாத்த நாற்பதாயிரமா?

மன்ஹைம், ஜெர்மனி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

போன்ல நீங்க, "மாப்ளே, டேப்பெட் கவர் பேக்கிங் மாத்த நாற்பதாயிரமா? நீ படிச்சது மெக்கானிக்கல்தானே?"ன்னு கேட்டுட்டு, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள போனை அத்தைகிட்ட குடுத்துட்டீங்க. அத்தைகிட்ட சாம்பார் பொடியைப் பத்தித்தான் பேச முடிஞ்சது. அதான் எழுத உட்கார்ந்துட்டேன். இன்னைக்கு ஞாயிறு. இந்த நாட்டுல ஞாயித்துக்கிழமை அக்கம்பக்கத்தார் முறைக்காம செய்யக்கூடிய வேலை இது ஒண்ணுதான். டிரில் போடக் கூடாது, புல் வெட்டக் கூடாது, காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில போடக்கூடக் கூடாது. கிளிங்குன்னு சத்தம் வருமாம்.

கொஞ்ச நாளா ஹீட்டர் போட்டா வண்டிக்குள்ள ஆயில் கருகுற நாத்தம். பானெட்டைத் தூக்கிப் பார்த்தா, கவர் ஓரமா கசிஞ்சு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல இறங்கியிருக்கு. மூணாவது சிலிண்டர் காயிலை உருவினேன். ரப்பர் மூக்கு பூரா ஆயில் பிசுபிசுப்பு. டார்ச் அடிச்சா பிளக் குழிக்குள்ள கருப்பா மினுங்குது. பேக்கிங் கல்லு மாதிரி இறுகிப்போச்சு, பிளக் குழி சீலும் போச்சு. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கல் படிக்கவே வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்ல 420 யூரோன்னு தாள்ல அடிச்சுக் குடுத்தாங்க. அதுல பேக்கிங் 25 யூரோதான், மிச்சம் அத்தனையும் கூலியும் வரியும். கை வேலைக்காரனுக்கு இப்படி மரியாதையா கூலி கிடைக்குதேன்னு எனக்குச் சந்தோஷம்தான் மாமா. அது என் பர்சுல இருந்து போகும்போதுதான் கொஞ்சம் வலிக்குது. தள்ளிப்போடவும் முடியாது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வண்டியைப் பரிசோதனைக்கு விடணும், பாஸானா பின் நம்பர் பிளேட்டுல வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. என் ஸ்டிக்கர் அடுத்த மாசம் முடியுது. ஆயில் லேசா ஈரமா இருந்தா எழுதி வெச்சுட்டு விட்டுடுவாங்க, சொட்டுனா ஸ்டிக்கர் கிடையாது.

"அப்ப நீயே மாத்து"ம்பீங்க. எங்கேங்க மாமா மாத்துறது? உங்க பட்டறை வாசல்ல வேப்ப மரத்தடியில நிறுத்தி, ரோட்டுல போறவரெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்ல நீங்க மாத்துவீங்க. இங்கே ரோட்டோரத்துல ஆயில் சமாச்சாரத்தைத் தொட்டா, மண்ணுக்கும் தண்ணிக்கும் கேடுன்னு அபராதம். எங்க குடியிருப்பு பார்க்கிங்ல வண்டி நிக்கலாம், ரிப்பேர் பார்க்கக் கூடாதுன்னு வீட்டு ஒப்பந்தத்துலயே இருக்கு. நான் பானெட்டைத் தூக்கி டார்ச் அடிச்சதுக்கே கீழ்வீட்டுப் பெரியவர் ஜன்னல் திரையை விலக்கிட்டார். சும்மா பார்க்கறேன்னு கையை விரிச்சுக் காட்டினேன். பார்க்கலாம்னு தலையாட்டிட்டுத் திரையை மூடினார்.

இதுல வேடிக்கை என்னன்னா, கார்ல் பென்ஸ் 1886-ல மோட்டார் வண்டிக்குப் பேட்டன்ட் வாங்கினது இந்த மன்ஹைம்ல இருந்துதான். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் சம்சாரம் பெர்த்தா, புருஷன்கிட்ட சொல்லாம, ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு இங்கிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும், நூறு கிலோமீட்டருக்கு மேல, அந்த வண்டியை ஓட்டிக்கிட்டுப் போனாங்க. வழியில பெட்ரோல் குழாய் அடைச்சதுக்குத் தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்க, எரிபொருளை மருந்துக் கடையில வாங்கினாங்க, பிரேக் தேஞ்சதுக்குச் செருப்புத் தைக்கிறவரைக் கூப்பிட்டுத் தோல் அடிக்கச் சொன்னாங்க. எல்லாம் நடுரோட்டுல! அந்தம்மா இன்னைக்கு எங்க பார்க்கிங்ல ஊசியை எடுத்திருந்தா, கீழ்வீட்டுப் பெரியவர் மேனேஜ்மென்டுக்கு லெட்டர் போட்டிருப்பார்.

இடத்துக்கு ஒரு வழி இருக்கு. மணிக் கணக்குல வாடகைக்கு விடற பட்டறை. லிஃப்ட், வைஸ், வெளிச்சம் எல்லாம் இருக்கும், வண்டியைக் கொண்டுபோய் நாமே பார்த்துக்கலாம். மணிக்கு 20 யூரோ. பழைய ஆயிலையும் கண்ட இடத்துல ஊத்த முடியாது. ஆனா ஆயில் வித்த கடைக்காரன், வித்த அளவுக்குப் பழைய ஆயிலைச் சும்மாவே திருப்பி வாங்கியாகணும்னு சட்டம். பில்லை மட்டும் பத்திரமா வெச்சிருக்கணும். கல்யாணப் பத்திரிகை, பட்டம், ஆயில் பில், மூணும் இப்ப ஒரே ஃபைல்ல.

அடுத்த வில்லங்கம் டார்க் ரெஞ்ச். கைக்குத் தெரியாததையா அது சொல்லப்போகுதும்பீங்க. இந்தக் கவர் பிளாஸ்டிக்குங்க மாமா, போல்டுக்கு 9 நியூட்டன் மீட்டர்தான். கூட இறுக்குனா கவர் விரியும், குறைச்சா மறுபடி ஒழுகும். என்கிட்ட ஒரு பெரிய ரெஞ்ச் இருக்கு, குளிர்கால டயர் மாத்த வாங்கினது. அது 40-லதான் ஆரம்பிக்குது. அதனால தக்காளி, முட்டைக்கோசு விக்கிற கடையிலயே (இங்கே அப்படித்தான்) 5-ல இருந்து 25 வரைக்கும் காட்டுற சின்னதை வாங்கினேன். உள்ளே ஒரு சர்டிபிகேட்! அதுல இந்த ரெஞ்சுக்கு நம்பர், சோதனை பண்ணின தேதி, எந்த அளவுல எத்தனை சதவீதம் பிசகுதுன்னு பட்டியல். என் டிகிரி சர்டிபிகேட்ல இத்தனை விவரம் கிடையாது. வேலை முடிஞ்சதும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்கணும், கீழே போடக் கூடாது, இறுகின போல்டைக் கழட்ட இதைத் தொடவே கூடாது, பன்னெண்டு மாசமோ 5,000 தடவையோ ஆச்சுன்னா திரும்பச் சோதனைக்கு அனுப்பணும். என் கவர்ல 11 போல்டு. நடுவுல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு சுத்துல இறுக்குனா 22 தடவை. இருநூறு தடவைக்கு மேல பேக்கிங் மாத்தினாத்தான் கணக்கு நேராகும்.

இப்போதைக்குக் கட்டில், சாப்பாட்டு மேசை, பாப்பா சைக்கிள் எல்லாத்தையும் இறுக்கிப் பழகியாச்சு. டிக்குன்னு சத்தம் வந்தா நிறுத்தணும். பாப்பா இப்ப ஜாம் பாட்டில் மூடுறப்போகூட வாயால டிக் சொல்றா. அவ அம்மா சித்ரா கட்டில்ல உட்கார மாட்டேங்கறா. நீங்க பக்கத்துல நின்னா இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். கடைசி கால் திருப்புக்கு முன்னாடி என் தோள்ல தட்டி "போதும்"பீங்க. அந்தத் தட்டுக்கு இங்கே எந்தக் கடையிலயும் ரெஞ்ச் கிடைக்கலை.

முடிவுக்கு வர்றேன். பேக்கிங், சின்ன ரெஞ்ச், பட்டறை வாடகை எல்லாம் சேர்த்து 150 யூரோவுக்குள்ள அடங்கும். கழட்ட வேண்டியது காயில்களும், ஒரு காத்துக் குழாயும், கவரும்தான். டைமிங் செயினைத் தொட வேண்டாம், கூலன்ட்டை இறக்க வேண்டாம். ஒரே சந்தேகம் கவர் மேலதான். சூட்டுல பிளாஸ்டிக் வளைஞ்சிருந்தா புது பேக்கிங்கும் நிக்காது. கழட்டினதும் ஸ்டீல் ஸ்கேலை வெச்சுப் பார்ப்பேன், வளைஞ்சிருந்தா கவரோட மாத்தணும். அதனால இதை நானே செய்யறேன், சனிக்கிழமைக்குப் பட்டறை சொல்லியாச்சு. இதுவே ஹெட் கேஸ்கட்டா இருந்தா பேசாம 420-க்கு மேல எத்தனை கேட்டாலும் குடுத்திருப்பேன். அதுல செயினைக் கழட்டணும், ஹெட் ஃபேஸ் பார்க்கணும், இழுபடற போல்டுங்கிறதால எல்லாமே புதுசு போடணும், டார்க் வெச்ச பிறகு டிகிரிக் கணக்குல திருப்பணும். அந்தத் தைரியம் உங்க பட்டறையில உண்டு, எனக்கு இங்கே கிடையாது.

பார்சல் அனுப்பறதா அத்தை சொன்னாங்க. அனபாண்ட் சீலன்ட் ட்யூப் மட்டும் போட்டுடாதீங்க. டைமிங் கவர் சேர்ற ரெண்டு மூலையில ஒரு சொட்டு வைக்கணும், அதுக்கு இங்கேயே வாங்கிட்டேன். சுத்தியும் அப்பினா பிதுங்கி உள்ளே விழுந்து ஆயில் சல்லடையை அடைச்சிடும். அதுக்குப் பதிலா பனியன் வேஸ்ட் ஒரு கட்டு அனுப்புங்க. இங்கே கை துடைக்கறது பேப்பர்ல, ஆயில் பட்டா நூல் நூலா கிழியுது. பார்சல் மேல பரிசுன்னு எழுதி, மதிப்பு 45 யூரோவுக்குக் கீழே வர்ற மாதிரி உள்ளதைப் போடுங்க, வரி வராது. அத்தைகிட்ட நெய் மட்டும் வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. பால் பொருள்னா கஸ்டம்ஸ்ல எடுத்துக்குவாங்க.

அன்புடன்,
உங்க மாப்பிள்ளை