காலாவதியான சான்றிதழும் நின்றுபோன புதுப்பிப்பும்

கேள்வி: பழைய உபுண்டு கணினியில் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது சான்றிதழ் பிழை வருகிறது, சரிபார்ப்பையே நிறுத்திவிட்டால் என்ன?

பதில்: சாவி சேரவில்லை என்று கதவையே கழற்றி வைத்தால், வீட்டுக்காரருக்கு முன்பே திருடர் நுழைந்துவிடுவார். பாதுகாப்புச் சான்றிதழ் என்பது, தொடர்புகொள்ளும் தளம் உண்மையானதே என்று ஒரு சான்றளிப்பு நிறுவனம் மின்கையொப்பமிட்டுத் தரும் உறுதி. அக்கையொப்பங்கள் சங்கிலியாகத் தொடர்ந்து, கணினி ஏற்கெனவே நம்பும் மூலச் சான்றிதழில் முடிய வேண்டும். 2021 செப்டம்பர் 30 அன்று ‘டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3’ என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றளிப்பு நிறுவனத்தின் சான்றிதழ்களுக்கு ‘ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1’ என்ற செல்லுபடியாகும் மூலம் இருந்தும், சான்றிதழைச் சரிபார்க்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 1.0.2 போன்ற பழைய பதிப்புகள் காலாவதியான பாதையையே பிடித்துக்கொண்டு இணைப்பை மறுத்தன.

சான்றிதழின் காலத்தைக் கணினி தன் கடிகாரத்தைக் கொண்டே கணிப்பதால், முதலில் அதன் தேதியைப் பார்க்க வேண்டும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருந்தால், நல்ல சான்றிதழும் இன்னும் பிறக்காததாகவே கணினிக்குத் தோன்றும். தேதி சரியெனில், மூலச் சான்றிதழ்களின் தொகுப்பைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் வழியில்லையெனில், ‘சிஏ-சர்டிஃபிகேட்ஸ்.கான்ஃப்’ கோப்பில் காலாவதியான சான்றிதழின் வரிக்கு முன் ஆச்சரியக்குறி ஒன்றை இட்டு, ‘அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ்’ கட்டளையை இயக்கினால், அச்சான்றிதழ் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். சரிபார்ப்பை நிறுத்துவது பிழைச் செய்தியை மட்டுமே நீக்கும், பிழையை நீக்காது.