ஒன்பது வெள்ளி இருபது காசு

ஒரு சட்டமன்ற நாற்காலிக்கு 15 பேர் போட்டியிட்ட ஊர் கெடாவின் புக்கிட் செலம்பாவ். 2009 ஏப்ரல் இடைத்தேர்தலில் அந்தக் கூத்து நடந்தது. எனவே எதிர்காலத்தைப் பற்றி முன்கூட்டியே யோசிக்கத் தெரியாதவர்கள் என்று இந்த வட்டாரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. என்ன, 60 வயதில் அவரவர் உட்காரப் போகும் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மட்டும் ஒருவரும் வேட்புமனு போடுவதில்லை. சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போகும் 22 வயதுப் பையனிடம் ஓய்வுக்காலச் சேமிப்பு என்று ஆரம்பித்துப் பாருங்கள். மோட்டார் தவணை முடியட்டும் என்பான். அது முடிந்தால் கார், கார் முடிவதற்குள் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே யாருக்கும் துணிச்சல் வராது.

சீக்கிரம் தொடங்கச் சொல்வதில் ஒழுக்கப் பாடம் எதுவும் கிடையாது. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். மாதம் 100 வெள்ளி, ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு என்று வைத்துக்கொள்வோம். (ஊழியர் சேமநிதி வாரியமான இபிஎப் 2023க்கு 5.5, 2024க்கு 6.3 விழுக்காடு கொடுத்தது. நாம் கொஞ்சம் கஞ்சத்தனமாகவே போடுவோம்.) ஒரு பெண் 22 வயதில் தொடங்கி 32இல் நிறுத்திவிடுகிறாள். அவள் போட்டது 12,000. ஓர் ஆண்மகன் 32 வயதில் ஞானம் பிறந்து, 60 வரை ஒரு மாதம் விடாமல் போடுகிறான். அவன் போட்டது 33,600. அறுபதில் அவள் கணக்கில் சுமார் 59,000 இருக்கும், அவன் கணக்கில் சுமார் 70,000. அதாவது 21,600 வெள்ளி கூடுதலாகக் கட்டி, 11,000 வெள்ளி கூடுதலாகப் பார்த்திருக்கிறான். பத்து வருடம் லேட்டாக வந்ததற்கு அபராதம் அது. அவள் நிறுத்தாமலே போட்டிருந்தால் தொகை 129,000ஐத் தொட்டிருக்கும்; அதை அந்த ஆண்மகனிடம் சொல்லாமல் இருப்பது நல்லது.

“சம்பளமே பத்தலையே” என்பது நியாயமான பதில்தான். 2025இல் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் தொழிலாளி பங்கு 187, முதலாளி பங்கு 221, ஆக மாதம் 408 வெள்ளி இபிஎப்புக்குப் போகிறது. ஆகவே இளைஞர்கள் சேமிப்பதில்லை என்பதே தப்பு, கேட்காமலே பிடித்துவிடுகிறார்கள். சிக்கல் அதை விட்டுவைப்பதில் இருக்கிறது. 2024 மே முதல், போடுவதில் பத்தில் ஒரு பங்கு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பிளெக்சிபல் கணக்குக்குப் போகிறது. 408இல் அது 40 வெள்ளி 80 காசு. ஆனால் ஒரு தடவைக்கு 50 வெள்ளிக்குக் குறைவாக எடுக்க முடியாது. முதல் மாதம் போனைத் திறந்து பார்ப்பவனுக்கு 9 வெள்ளி 20 காசு இடிக்கும். அவ்வளவு சின்னத் தொகைக்காக ஒருவனை முப்பது நாள் பொறுமையாக உட்கார வைக்க அவன் அம்மாவாலும் முடிந்ததில்லை. மறுமாதம் 81.60 சேர்ந்ததும் எடுத்து மோட்டாருக்கு ஸ்போர்ட் ரிம் பார்க்கப் போய்விடுகிறான் என்பது வேறு விஷயம்.

கோவிட் காலத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இபிஎப்பிலிருந்து ஏறக்குறைய 14,500 கோடி வெள்ளி எடுத்தார்கள். வேலை போய், அரிசி வாங்க எடுத்தவனுக்கு வட்டிக் கணக்கு சொல்லிக்கொடுப்பது அசிங்கம். அவனை விட்டுவிடுவோம். மாதம் 100 வெள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: தாமானில் ‘கூட்டு’ என்கிற சீட்டு பிடிக்கும் அக்காவுக்குக் கொடுக்க அந்த நூறு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டைத் தடை செய்து அரை நூற்றாண்டு ஆகிறது. சட்டத்துக்குப் பிடிக்காததை நாம் பிடித்து, தவணை தவறாமல் கட்டுகிறோம். அந்த அக்கா ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாலும் “அடுத்த கூட்டு யார் பிடிக்கிறா?” என்றுதான் கேட்கிறோம். ஒழுங்காகச் சேமிக்கும் குணத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தலைமுறைக்குச் சேமிப்பின் அவசியம் தெரிந்தே இருந்தது. லயத்து வீடு கம்பெனி வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய பங்குப்பணத்தில் சங்கம் முதலில் வாங்கியதே இதே கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம்தான். அன்றைய வெட்டுக்கூலியில் அதைச் செய்தவர்களின் பேரன், போன் மாற்றிய கையோடு “கையில் காசு நிற்கவே மாட்டேங்குது” என்கிறான்.

“நாளைக்கு இருப்போமா?” என்று தத்துவம் பேசுபவர்கள் கவலைப்படத் தேவையில்லை. இல்லாமல் போய்விட்டால், நியமித்த வாரிசிடம் பணம் போய்ச் சேரும். இருந்துவிட்டால்தான் தொல்லை. வாரியம் பல காலம் சொல்லிவந்த அடிப்படை இலக்கு 240,000 வெள்ளி. 55இலிருந்து 75 வரை மாதம் ஆயிரம். எழுபத்தாறாவது பிறந்தநாளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. “பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்” என்றால், அந்தப் பிள்ளைக்கும் அப்போது மோட்டார் தவணை ஓடிக்கொண்டிருக்கும். அதுமட்டுமா, 55இல் முழுப் பணத்தையும் எடுக்கலாம் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வருடமாக அப்பாவுக்கு வாழ்த்துச் சொல்லாத சொந்தபந்தமெல்லாம் அந்தப் பிறந்தநாளுக்குக் கேக்கோடு வந்து நிற்கும்.