ரேஷன் கடை, வங்கி, பிணவறை

2024 ஜூன் 4 அன்று காலையிலிருந்து நள்ளிரவு வரை தொலைக்காட்சிகள் நாட்டைக் கூறு போட்டு அலசின. எந்தச் சாதி எந்தப் பக்கம் சாய்ந்தது, பெண்கள் ஓட்டு எங்கே போனது, முதல்முறை வாக்காளர் யாரை நம்பினார், விவசாயி யாரைப் பழிதீர்த்தார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணப்படம், ஒரு நிபுணர். பாஜகவுக்கு 240, காங்கிரசுக்கு 99, நம் பக்கம் புதுச்சேரியையும் சேர்த்து திமுக கூட்டணிக்கு நாற்பதுக்கு நாற்பது. இந்த முடிவு தன்பாலீர்ப்பாளர்களுக்கு என்ன வைத்திருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், “அவங்க எந்தத் தொகுதியில இருக்காங்க?” என்று நிபுணர் திருப்பிக் கேட்டிருப்பார். எல்லாத் தொகுதியிலும்தான் ஐயா. அவர்கள் செய்த பிழையே அதுதான். ஒரே மாவட்டத்தில் குவிந்து, கொடி தைத்து, சங்கம் வைத்து, குருபூஜைக்கு லாரி பிடித்து வந்திருந்தால் இந்நேரம் ஒரு வாரியத் தலைவர் பதவியாவது கிடைத்திருக்கும்.

இத்தனைக்கும் அந்தத் தேர்தல் அவர்களுக்குத்தான் மிக முக்கியமாக இருந்திருக்க வேண்டும். அதற்கு ஏழரை மாதம் முன்பு (ஏழரை என்பது தற்செயல்தான்), 2023 அக்டோபர் 17 அன்று, தன்பால் திருமணம் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐவருக்கும் ஒரே கருத்து. திருமணம் என்ற பெயர் வேண்டாம், இணையர் என்ற அங்கீகாரமாவது கொடுங்கள் என்றதற்கும் மூவர் கைவிரித்தார்கள். சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை, அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள்.

போய்க் கேட்ட கதை ஏற்கெனவே இருக்கிறது. 2015 டிசம்பரில் சசி தரூர் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவைத் திருத்த ஒரு தனிநபர் மசோதா கொண்டுபோனார். கல்யாணம், சொத்து, தத்து எதுவும் அதில் இல்லை. வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்தால் சிறையில் தள்ளாதீர்கள் என்பது மட்டும்தான். அதை நிறைவேற்றுவது இருக்கட்டும், அறிமுகம் செய்யவே அனுமதி இல்லை: ஆதரவு 24, எதிர்ப்பு 71. ஐந்நூற்றுச் சொச்சம் பேர் உட்காரும் அவையில் மீதிப் பேர் அந்த நேரத்தில் எங்கே இருந்து பாரதப் பண்பாட்டைக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பது கேன்டீன் ஊழியர்களுக்குத் தெரிந்திருக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி முயன்றார். அப்போது 58-க்கு 14. கடைசியில் 2018-ல் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது உச்ச நீதிமன்றம்தான். அதே நீதிமன்றம்தான் இப்போது நாடாளுமன்றத்தைக் கைகாட்டுகிறது.

திருமண வழக்கு நடந்தபோது ஒன்றிய அரசு தாக்கல் செய்த மனுவையும் மறக்கக் கூடாது. இந்தக் கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வையாம். மேட்டுக்குடி வாழ்க்கை எப்படி இருக்கும் என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஓர் ஆட்கொணர்வு மனு காட்டியது. 25 வயதுப் பெண். தன் தோழியோடு வாழ விரும்பியவரைப் பெற்றோரோடு அனுப்பிவைத்தது போலீஸ். வீட்டில் அடி. பிறகு, “சரியாகிவிட” வேண்டும் என்று சடங்கு. நீதிபதிகள் முன்னால் நின்று அந்தப் பெண்ணே சொன்னது இது. போலீசை நீதிபதிகள் கண்டித்தார்கள், அவரைத் தோழியோடு போகவிட்டார்கள், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் சொன்னார்கள். நல்ல தீர்ப்புதான். ஆனால் மந்திரித்த எலுமிச்சையோடு மல்லுக்கு நிற்கும் மேட்டுக்குடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, தேர்தல் முடிந்தது, அதே ஆட்சி கூட்டணி பலத்தில் திரும்பி வந்தது. நீதிமன்றத்தில் வாக்குக் கொடுத்திருந்ததால் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு இருந்தது. தேர்தலுக்குப் பிந்தைய செப்டம்பர் மாதத்தில், தன்பாலீர்ப்பு இணையருக்கு அரசு என்னென்ன செய்திருக்கிறது என்ற பட்டியல் வெளிவந்தது. வாசிக்கும்போது யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது, கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரே ரேஷன் கார்டில் இருவர் பெயரும் இடம்பெறலாம். சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கலாம், துணையை நாமினியாக நியமிக்கலாம். துணை இறந்துபோனால், நெருங்கிய உறவினர் எவரும் இல்லாதபட்சத்தில், உடலைப் பெற்றுக்கொள்ளலாம்.

வங்கி விஷயத்தில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. எந்த இரண்டு பேரும் சேர்ந்து கணக்கு தொடங்க எப்போதுமே தடை இருந்ததில்லை. மாமியாரும் மருமகளும் தொடங்கலாம், சண்டை போட்டுக்கொண்டே பணம் எடுக்கலாம். இதற்கென வந்த சுற்றறிக்கை சொன்னதும், தடை ஏதும் இல்லை என்பதைத்தான். இருந்த உரிமையை எடுத்துத் துடைத்து, அதே ஆளிடம் தானமாகக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது சலுகைக்குத்தான் எனக்கு நாக்கு வறண்டுபோகிறது. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்து, மருந்து எடுத்துக்கொடுத்து, இரவெல்லாம் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் பிணவறை வாசலில் நிற்கிறார். படிவத்தில் “இறந்தவருக்கு என்ன உறவு” என்ற இடம் காலியாக இருக்கிறது. பத்து வருடம் முன்பு “இனி நீ எங்க வீட்டுப் பிள்ளையே இல்லை” என்று தலைமுழுகிய அண்ணனோ சித்தப்பாவோ காரிலிருந்து இறங்கினால், இவர் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். உறவினர் இல்லாதபட்சத்தில்தானே இவருக்கு உரிமை? அரிசி வாங்கும்போதும் பிணம் வாங்கும்போதும் இணையர், நடுவில் உயிரோடு இருக்கும் காலத்தில் அறைத்தோழர்கள்.

பக்கத்தில் தாய்லாந்து. நம் முடிவு வந்த பதினான்காம் நாள், ஜூன் 18 அன்று, அவர்களுடைய செனட் தன்பால் திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 முதல் அங்கே பதிவு நடக்கிறது. நாம் போகும் தேனிலவு ஊர்தான் அது.

உத்தரகாண்டையும் பார்த்துவிடுவோம். 2025 ஜனவரியில் அங்கே பொது சிவில் சட்டம் அமலுக்கு வந்தது. ஆணும் பெண்ணும் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் பதியாமல் இருந்தால் மூன்று மாதம் வரை சிறை. எங்களைப் பதியாதே என்று ஓடுகிறவர்களைத் துரத்திப் பதியும் அரசு, எங்களைப் பதியுங்கள் என்று கெஞ்சுகிறவர்களிடம் பேரேட்டை மூடிவைக்கிறது. பொது என்று பெயர் வைத்த சட்டம் இது.

எதிர்க்கட்சிகளை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரல் மாதம், வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே மாநிலங்களின் கருத்தை ஒன்றிய அரசு கேட்டது. ஏழு மாநிலங்கள் பதில் எழுதின. அசாம், ஆந்திரம், ராஜஸ்தான் மூன்றும் எதிர்த்தன. ராஜஸ்தானில் அப்போது ஆண்டது காங்கிரஸ். அதே காங்கிரஸ் 2024 ஏப்ரலில் வெளியிட்ட தேர்தல் அறிக்கையில், விரிவான கலந்தாலோசனைக்குப் பிறகு தன்பாலீர்ப்பு இணையரை அங்கீகரிக்கச் சட்டம் கொண்டுவருவோம் என்று எழுதியது. ஜெய்ப்பூரில் கூடாது, டெல்லியில் ஆகும். வெயில் வித்தியாசமாக இருக்கலாம்.

இதில் கட்சிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. எதிர்த்து எழுதிய மூன்று அரசுகளில் ராஜஸ்தான் 2023 டிசம்பரில் கவிழ்ந்தது, ஆந்திரம் 2024 ஜூனில் கவிழ்ந்தது. தோற்றதற்கு வேறு காரணங்கள் ஆயிரம். நான் சொல்வதும் அதுதான்: பண்பாட்டைக் காத்துக் கடிதம் எழுதியதற்காக அவர்களுக்கு ஒரு ஓட்டும் கூடுதலாக விழவில்லை. “எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க” என்று தனிப்பேச்சில் முணுமுணுக்கும் தலைவர்கள் எந்த ஜனங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்? வீட்டில் இருக்கும் மாமனாரையா?

பதில் எழுதிய அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை. சமூகநீதியின் தலைநகரம் வாயைத் திறக்கவில்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சேர்ந்து வாழும் இணையர் தங்களுக்குள் ஒரு குடும்ப ஒப்பந்தப் பத்திரம் பதிந்துகொள்ள வழி செய்யலாமே என்று மாநில அரசுக்கு யோசனை சொன்னார். 2025 ஜூலையில் அரசு திருநர்களுக்கென ஒரு கொள்கை வெளியிட்டது. வரவேற்க வேண்டியதுதான். தன்பாலீர்ப்பாளர்கள் மட்டும் இன்னொரு வரிசையில் போய் நிற்க வேண்டும். அந்த வரிசை எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

மற்ற மாநிலம் மௌனமாக இருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. ஒரு தேர்தல் முடிவு ஒரு திருமணத்துக்கு உயிர் கொடுக்கும் என்று இந்தியாவுக்கே செய்துகாட்டியது இந்த மண். ஐயரும் ஓமமும் இல்லாமல் 1928-லிருந்து நடந்த சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பிள்ளை பெற்று, பேரன் கண்டவர்கள் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே ஆகாதவர்கள். அன்றும் பண்பாடு கெட்டுவிடும் என்று அழுதவர்கள் உண்டு. 1967-ல் அண்ணா ஜெயித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும். முன்பு நடந்தவையும் செல்லும். அப்படி இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவின்படி ஊரைக் கூட்டி அறிவிக்காமலும் திருமணம் செய்யலாம், எதிர்ப்புக்கு அஞ்சும் ஜோடிகளின் உயிர் முக்கியம் என்று 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ரவீந்திர பட். ஐம்பது நாள் கழித்து, தன்பால் இணையரை நாடாளுமன்றத்துக்குப் போகச் சொன்ன பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரேதான்.

அண்ணா படத்துக்கு மாலை போட்டுவிட்டு மேடையேறுகிறவர்களிடம் இதைக் கேட்டால் தயாராக ஒரு பதில் இருக்கும்: “அது டெல்லி செய்ய வேண்டியதுங்க.” பொய். திருமணம் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. 7ஏ, மத்தியச் சட்டத்துக்கு மாநிலம் செய்த திருத்தம். அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்பட்டது. அன்றைக்கு டெல்லியில் இருந்தது, அண்ணா இங்கே தோற்கடித்த அதே காங்கிரசின் ஆட்சி. 1968 ஜனவரியில் ஒப்புதல் வந்துவிட்டது. இன்று டெல்லி மறுக்கும் என்றால் மறுக்கட்டும். மறுத்தது யார் என்று ஊருக்குத் தெரியுமே. அனுப்பாத மசோதாவை யாராலும் மறுக்க முடியாது.

ஆகவே, அடுத்த முறை கும்பிட்ட கையோடு வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வந்தால், சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் கேட்டு முடித்துவிட்டு இதையும் கேளுங்கள்: “7ஏ-வுக்குப் பக்கத்தில் 7பி எப்போது?” அவர் சிரித்து மழுப்புவார். பதில் வராமல் இந்த வீட்டு ஓட்டு வராது என்று, கூட வந்திருக்கும் வட்டச் செயலாளர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.