ஹெர்ப் எங்கே?

கேள்வி: கோடி கோடியாகக் கொட்டி விளம்பரம் செய்தும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டம் வராமல் போகுமா?

பதில்: போகுமே! அமெரிக்காவின் பர்கர் கிங்கைக் கேளுங்கள். 1985 நவம்பரில் 4 கோடி டாலர் செலவில் ‘ஹெர்ப் எங்கே?’ என்று ஒரு தேடுதல் வேட்டை ஆரம்பித்தார்கள். ஹெர்ப் யார்? வாழ்நாளில் தங்கள் வாப்பர் பர்கரைச் சாப்பிடாத ஒரே ஆசாமி என்றார்கள்! கடையில் போய் “நான் ஹெர்ப் இல்லை” என்று சொன்னால் பர்கர் 99 சென்ட்தான். நிஜமாகவே ஹெர்ப் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள், “நீங்கள் தேடுகிற ஹெர்ப் நான் இல்லை” என்று சொல்லவேண்டும். பாவம்.

1986 ஜனவரியில், ஊரே டி.வி. முன்னால் உட்காரும் சூப்பர் பௌல் போட்டி அன்று ஹெர்பின் முகத்தைக் காட்டினார்கள். தடித்த கண்ணாடி, கணுக்காலுக்கு மேலே ஏறிய பேன்ட், வெள்ளை சாக்ஸ். இதற்கா இவ்வளவு நாள் காக்கவைத்தீர்கள் என்று ஜனங்களுக்கு ஆர்வமே போய்விட்டது. பிறகு அவரை ஊர் ஊராக அனுப்பி, கடையில் கண்டுபிடித்தால் 5,000 டாலர் என்றார்கள். அலபாமாவில் கண்டுபிடித்தது 15 வயதுப் பையன். 16 ஆகவில்லை, பரிசு கிடையாது என்று கைவிரித்ததில் கெட்ட பெயர்தான் மிச்சம்.

கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவைப் பற்றியே பந்தி முழுக்கப் பேசினால் சாம்பார் ருசியை யார் கவனிப்பார்கள்? இங்கேயும் சாப்பிடாதவனைக் காட்டினார்களே தவிர, ஏன் சாப்பிடவேண்டும் என்று சொல்லவே இல்லை. 1987-ல் விளம்பர ஏஜென்சியை மாற்றினார்கள்.