பிரசங்கச் செவியியல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆய்வுப் பொருள்: ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரச் சபைகளில் ஐயர் பிரசங்கம் செய்யும்போது சபையாரின் காது எங்கே இருக்கிறது? உடல் இருக்கும் இடத்தில் ஐயமில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே.

கருதுகோள்: அய்யனார் கோவில் ஆற்றில் நீர்வரத்து ஏற ஏறச் சபையில் செவிவரத்து இறங்கும். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையில் மழை பிடித்து அருவி கொட்டத் தொடங்கிவிட்டால், ஆராதனை முடிந்ததும் கிளம்பலாம் என்று புளியோதரை கட்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஐயரின் மூன்றாம் குறிப்பு எட்டாது. அங்கே குடிகொண்ட அய்யனாருக்கு இதில் பங்கில்லை. குற்றம் முழுவதும் தண்ணீருடையது.

முன்னோடிச் சான்றுகள்: அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரமே இத்துறையின் மூலநூல். துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பேச, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். நல்லவேளையாக உயிர் பிழைத்தான். பவுல் அதன் பிறகும் விடியும்வரை பேசினார். தூங்குவதால் பிரசங்கம் சுருங்காது என்பது இதனால் நிறுவப்படுகிறது. இங்கிலாந்தில் ஓவியர் ஹோகார்த் 1736இல் தூங்கும் சபை ஒன்றையே படமாகச் செதுக்கி அச்சிட்டார். ஆகவே இது நம் ஊர் வெயிலால் மட்டும் வருவதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ தூங்குபவரை எழுப்புவதில் நீண்ட மரபு உண்டு. ஆண்டாள் திருப்பாவையின் 30 பாசுரங்களில் 10 பாசுரங்களை அதற்கே ஒதுக்கினாள். அதே வேலையைப் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கை ஒரே இடியில் முடிக்கிறது.

வகைப்பாடு: கேட்போரை நால்வகையாகப் பிரித்தவர் இயேசுவே; விதைக்கிறவன் உவமை அதுதான். நாம் செய்தது வட்டார உரை மட்டும். வழியருகே விழுந்த விதை: வாசலோரம் அமர்ந்து, வெளியே கழற்றிய செருப்பைக் காவல் காப்பவர். கற்பாறை: முதல் ஆளாக உரக்க ‘ஆமென்’ சொல்லி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாவற்றையும் மறப்பவர். முள்: மில் ஷிப்ட், சீட்டுப் பணம், அடுப்பிலிருந்து இறக்காமல் வந்த குழம்பு. நல்ல நிலம்: முன்பாயில் கண்ணை மூடி அமர்ந்திருக்கும் பாட்டிகளிடையே இருப்பதாக நம்பப்படுகிறது. ஆனால் மூடிய கண்ணில் தியானம் எது, தூக்கம் எது என்று பிரித்தறியும் கருவி இன்னும் வரவில்லை.

சரித்திர ஒப்பீடு: இந்தப் பகுதி திருநெல்வேலிச் சீமையில் இருந்த காலம். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேறிய மிஷனரி ராக்லண்ட், 1854 முதல் சகாக்களோடு கூடாரம் தூக்கிக்கொண்டு வடதிருநெல்வேலிக் கிராமங்களில் சுற்றிப் பிரசங்கித்தார். 1858இல் சிவகாசியில் இறந்தார். தெருவில் நின்று கேட்டவனுக்குப் பிடிக்காவிட்டால் நடையைக் கட்டும் சுதந்திரம் இருந்தது. நின்றவன் கேட்டான். இன்று பெஞ்சில் அமர்ந்தவரால் எழுந்து போக முடியாது. ஆகையால் ஆளை விட்டுவிட்டு மனசு மட்டும் போகிறது.

இதற்கு முந்தைய சான்று இன்னும் சங்கடமானது. 1806இல் தஞ்சாவூர் வந்த பாதிரியார் கிளாடியஸ் புக்கானன், தமிழ்ப் பிரசங்கம் நடக்கும்போது கோயிலுக்குள் ஒரு கீறல் சத்தம் கேட்டதை எழுதியிருக்கிறார். கேட்டவர்கள் எழுத்தாணியால் பனையோலையில் பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். காலைப் பிரசங்கத்தை மாலையில் உபதேசியார் தம் ஓலையிலிருந்து வாசிப்பது அங்கே வழக்கம். கையில் எழுத்தாணி இருந்தவருக்குத் தூங்க வசதியில்லை. மாலையில் வாசிக்க வேண்டியிருந்தவருக்குக் காதைத் திருப்ப வழியில்லை. இன்று நம் கையில் இருக்கும் கருவி முழுப் பிரசங்கத்தையும் பதிவு செய்து வைத்துக்கொள்கிறது. அதனாலேயே நாம் கேட்பதில்லை.

முடிவு: நம் கருதுகோள் தள்ளுபடி செய்யப்படுகிறது. அருவி வறண்ட சித்திரையிலும் நிலைமை இதுவே. கேட்பது காதின் குணமல்ல. பிறகு யாருக்காவது திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்ற கடமை.

பரிந்துரை: ஞாயிறு மத்தியானம் சோறு போடுமுன் வீட்டில் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: “இன்னைக்கு ஐயர் என்ன சொன்னாரு?” “நல்லா சொன்னாரு” என்பது விடையாக ஏற்கப்படாது.